ஊறுகாக்காரர் சந்துல வளையம் மொளச்சது

நெசமா பொய்யான்னு எடுத்த எடுப்புல கேட்டுறாதீங்க, கேட்டா எனக்குக் கோர்வை விட்டுப்போகும். கேக்குறவுக ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க, நான் வெத்தலையத் துப்பிட்டு வாறேன். விருதுநகர்ல எங்க சந்துக்கு ஊறுகாக்காரர் சந்துன்னு பேரு. முக்குல அடிபம்பு, முடிவுல இடிஞ்ச கெணத்துச் சுவரு, நடுவுல இருபத்தியொரு வீடு. ஊறுகாக்காரருன்னு ஒருத்தரும் நான் கண்டு இருந்தது கெடையாது, நான் வாக்கப்பட்டு வந்தப்பவும் கெடையாது, எங்க மாமியாகிட்ட கேட்டேன், அவுக ‘எலுமிச்சங்காயா மாங்காயா, அதுவே தெரியலடி’ன்னாக. அது கெடக்கட்டும்.

அஞ்சாவது வீட்டுல கீழ நான், மாடியில திரவியமும் அவர் மக மீனலோசனியும். நாங்க லோசனின்னு கூப்புடுவோம், முப்பது வயசு, கம்ப்யூட்டர்ல பொம்மைக்கு எலும்பு மாட்டுறது அவ வேலை. சிரிக்காதீங்க, நானும் முதல்ல சிரிச்சேன். வரைஞ்சு வச்சிருக்கிற பொம்மை வெறும் தோலாம், உள்ள ஒண்ணுமே கெடையாதாம், அது நடக்கணும்னா முதுகுக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, விரலுக்கு மூணு மூணுன்னு இவ எலும்பு வச்சு, மூட்டுக்கு மூட்டு ஒரு வளையம் போட்டு அனுப்பணுமாம், எடது பக்கத்துக்கு நீலம், வலது பக்கத்துக்குச் சிவப்பு, நடு ஒடம்புக்கு மஞ்சள். அந்த வளையத்தப் புடிச்சு இழுத்தாத்தான் பொம்மை கையத் தூக்கும், காலை மடக்கும், இடுப்புல கை வச்சுச் சண்டைக்கு நிக்கும். இழுத்து ஆட்டுறவுக அனிமேட்டருங்களாம், சென்னையிலயும் ஐதராபாத்துலயும் குளுகுளு ரூம்ல இருக்காக. எலும்பு மாட்டுறவ மட்டும் எங்க சந்துல ஓட்டை ஃபேனுக்குக் கீழ. இந்த வேலைக்கு ரிக்குன்னு பேருன்னா. எனக்குத் தெரிஞ்ச ரிக்கு போர் போடுற லாரிதான், எங்க அண்ணன் தோட்டத்துல நானூறு அடி போட்டு, வெறும் புகையா வந்து, அதைப் பாத்து எங்க மதினி மயங்கி விழுந்து, தெளிவிக்கத் தெளிக்கவும் தண்ணி இல்லாம மோரைத் தெளிச்சாக. அது வேற ரிக்கு.

ஒரு பொம்மைக்கு எலும்பு மாட்ட மூணு நாளாகும். ஆன பொம்மைக்கும் ஆகாத பொம்மைக்கும் ஒரே வேலை, கையி ரெண்டு, காலு ரெண்டு, அதே எலும்பு, அதே வளையம். “இதைப் போய் மனுசி உக்காந்து செய்யணுமா ஆச்சி”ன்னுட்டு, பொம்மையக் காட்டுனாலே தானா எலும்பு மாட்டி வளையம் போட்டுக் குடுத்துர்ற மாதிரி ஒரு கருவிய எழுத ஆரம்பிச்சா. கருவின்னா சுத்தியலு இல்ல, எழுத்துதான், கம்ப்யூட்டருக்குப் புரியுற எழுத்து. பதினாலு மாசம் எழுதுனா. இட்லி ஆறிப்போகும், சட்னி புளிச்சுப்போகும், அவ எழுதிக்கிட்டே இருப்பா.

“முடிச்சு நல்ல வெலைக்கு வித்துருத்தா”ன்னேன்.

“விக்கல ஆச்சி. சும்மா போட்டுருவேன், உலகத்துல யாரு வேணா எடுத்துக்கிறட்டும். நான் கத்துக்கிட்டது பூராவும் முகம் தெரியாதவுக சும்மா போட்டு வச்சதுதான்.”

“அப்ப நீ குடுக்குறது யாருக்குப் போகுதுன்னு உனக்கே தெரியாதாக்கும்?”

“தெரியாது. குடுத்துட்டா திரும்ப வாங்கவும் முடியாது.”

இந்த ஒரு பேச்சை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னால வேணும்.

இப்ப திரவியத்தப் பத்திச் சொல்லணும். திரவியம் தவசுப்பிள்ளை. கல்யாண வீட்டுக்கு, காதுகுத்துக்கு, எழவு வீட்டுப் பதினாறுக்கு ஆயிரம் பேருக்கு அண்டாவுல சமைக்கிற ஆளு. காய வெட்ட, கரைச்சு ஊத்த, கிண்ட ஆளுக வச்சிருந்தாரு, ஆனா உப்புப் போடுறது மட்டும் அவர் கை. கல் உப்பை வலது கையால ஒரு அள்ளு அள்ளுவாரு, மேல கொஞ்சம் சிந்த விடுவாரு, போட்டுருவாரு, அம்புட்டுத்தான். ருசி பாக்க மாட்டாரு. ஒருத்தன் அந்த அள்ளைத் தராசுல போட்டு எழுதி வச்சுக்கிட்டுப் போயி அடுத்த கல்யாணத்துல அதே எடை போட்டான், சாம்பாரு கண்ணீர் மாதிரி இருந்துச்சு. அவருக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னால வாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு. காலு வந்துருச்சு, பேச்சு வந்துருச்சு, கை வரல. எடது கையால அள்ளிப் பாத்தாரு, அளவு வரல. வந்தாலும் எந்தக் கல்யாண வீட்டுல எடது கையால உப்புப் போட விடுவாக? அன்னையிலருந்து மாடியிலயே உக்காந்துட்டாரு. தன் கையவே பக்கத்து வீட்டுக்காரரப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருப்பாரு.

தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு லோசனி அப்பாவுக்கு எதிர ஸ்டூலைப் போட்டு உக்காந்து பயிற்சி குடுப்பா. “அப்பா, எடது கை. அப்பா, வலது கை. தூக்குங்க, நினைச்சாச்சும் பாருங்க.” அவர் பாத்துச் செய்யணும்னு இவளும் தூக்குவா, ஆனா எதிர உக்காந்திருக்காள்ல, கண்ணாடி மாதிரி காட்டணும்ல, அதனால வாய் வலதுன்னு சொல்லும், தூக்குறது தன்னோட எடது. ரெண்டு வருசம், ஒரு நாள் விடாம. அந்தக் கை அசைஞ்சதே இல்ல.

ஆவணி பொறந்த அன்னைக்குக் காலையில ஆறரை மணிக்கு, கருவி முடிஞ்சுருச்சுன்னு மாடியிலருந்து எனக்குக் குரல் குடுத்துட்டு, அவ பொத்தான அமுக்குனா. உலகத்துக்குப் போயிருச்சு. கீழ நான் காப்பிக்கு டம்ளரை எடுக்கப் போறேன், வலது கையைத்தான் நீட்டுனேன், போனது எடது கை. சரி, வயசாச்சு, மூளை குழம்புதுன்னு நினைச்சுக் கையப் பாத்தா மணிக்கட்டச் சுத்தி ஒரு வளையம், ரப்பர் வளையல் மாதிரி, கனமில்ல, ஒட்டல, சும்மா நிக்குது. வலது மணிக்கட்டுல நீலம். எடதுல சிவப்பு. முழங்கையில, முட்டியில, கணுக்காலுல, விரல் மூட்டுக்கு மூட்டுப் பொடிப் பொடியா, கழுத்துல இடுப்புல மஞ்சள், காலைச் சுத்தித் தரையில பெரிய வட்டமா ஒண்ணு, நான் நகந்தா அதுவும் நகருது. வெளிய எட்டிப் பாத்தா சந்து பூராவும் அப்படியே. எதுத்த வீட்டுல கோலம் போட்டுக்கிட்டு இருந்தவ என்னையப் பாத்து, “உங்களுக்குமா ஆச்சி?”ன்னா. “ஆமாத்தா”ன்னேன். “கோலம் திரும்பி விழுதே”ன்னா. “அழிச்சுட்டுப் போடு”ன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

யோசிச்சுக்கிட்டு நிக்கும்போதே பால்காரர் மணவாளன் சைக்கிள்ல வாறாரு. அடிபம்பத் தாண்டி உள்ள நுழைஞ்சதும் அவருக்கும் வளையம் வந்துருச்சு. வலப் பக்கம் ஒடிக்கணும்னு நினைச்சாரு, கை எடப் பக்கம் ஒடிச்சுச்சு, சீனியம்மா வீட்டுச் சுவத்துல போயி விழுந்தாரு. சந்துல பாலாறு. இடுப்பு எலும்புல கோடு விட்டுருச்சுன்னு ஆசுபத்திரியில சேத்தாக. ஆட்டோவுல ஏத்தி அடிபம்பத் தாண்டுனதும் அவருக்கு வளையம் போயிருச்சு. இடுப்பு மட்டும் அப்படியேதான் இருந்துச்சு. அப்பத்தான் எங்களுக்கு ஒண்ணு புரிஞ்சது: சந்துக்குள்ள இருந்தா வளையம், வெளிய போனா இல்ல. மத்தது ஒண்ணும் புரியல.

கொஞ்ச நாளைக்கு ஒரே குழப்பந்தான். சாப்பாட்டுல கைய வச்சா எடது கை வந்து எலையில இறங்கும். சோத்துக் கையின்னா எது, வலப் பக்கம் தொங்குறதா, இல்ல நினைச்சதும் வாறதா? பதிமூணாம் வீட்டு வாத்தியாரு நினைப்புதான் கையின்னாரு, அவர் சம்சாரம் அப்ப நினைச்சுக்கிட்டே பசியாறுங்கன்னு எலைய எடுத்துட்டாக. கெழக்குச் சுவத்துப் பிள்ளையாருக்குத் தீவாராதனை காட்டுற பூசாரி எடது கையால துன்னூறு குடுத்துட்டு, “நான் வலது கையாலதான் குடுத்தேன்”ன்னாரு, நாங்களும் வலது கையால வாங்குனோம், அது எடது கையா வந்துச்சு, எல்லாம் சரியாப் போச்சான்னா தெரியல. எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல செருப்பை மாத்தி மாத்திப் போடுவாரு, ஏங்கன்னா ரெண்டும் என் செருப்புத்தானேம்பாரு. அவர் இருந்திருந்தா அவருக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது.

ஆனா பாருங்க, வளையத்துல ஒரு சொகம் இருந்துச்சு. இன்னொருத்தர் புடிச்சு இழுத்தா நம்ம கை நம்மளக் கேக்காம அலுங்காமப் போகும், வலியே தெரியாது. எனக்குக் குனிஞ்சா நிமிர முடியாது. பக்கத்து வீட்டுக்காரி வந்து இடுப்பு மஞ்சளப் புடிச்சுத் தூக்குவா, பொத்துனாப்ல நிமிந்துருவேன். ரவிக்கைக் கொக்கி போட, மாடிப்படி ஏற, ஒறங்குற புருசன எழுப்பி ஒக்கார வைக்க, எல்லாத்துக்கும் வளையந்தான். உடனே வம்பும் வந்துச்சு. ஒருத்தன் கடன் குடுத்தவனப் பாத்து ஒளிய, அவன் இவன் வளையத்த இழுத்து வெளிய கொண்டாந்து நிறுத்திட்டான். அடிபம்புக்கிட்ட கூட்டம் போட்டோம். சைக்கிள், வண்டி எல்லாத்தையும் பம்புகிட்ட எறங்கித் தள்ளிக்கிட்டு வரணும். அடுத்தவுக வளையத்தத் தொடணும்னா “இழுக்கட்டுமா”ன்னு கேக்கணும், அவுக “ம்”னா தொடலாம். அதுக்கப்புறம் சந்துல நாளு பூராவும் அந்தச் சத்தந்தான், இழுக்கட்டுமா, ம், இழுக்கட்டுமா, ம். புறா அடையிற மாதிரி.

சீனியம்மா மட்டும் யாரையும் கேக்க மாட்டா, யாரையும் கேக்கவும் விட மாட்டா. மூட்டு வலியில படி ஏற முடியாம சுவத்தப் புடிச்சு ஏறுவா. ஒருத்தி “இழுக்கட்டுமா மதினி”ன்னதுக்கு, “நான் என்ன பொம்மையா?”ன்னு கேட்டுட்டா. அவளுக்குக் கவலை வேற. ஆவணி பன்னெண்டு அவ மகன் கல்யாணம். காலையில சாத்தூர்ல தாலி கட்டி, பதினொண்ணரைக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் எங்க சந்துக்கு வாறாக. மருமக வலது காலை எடுத்து வச்சு உள்ள வரணும். அதான் சங்கதி.

திரவியத்துக்கு என்ன ஆச்சுன்னு இன்னும் சொல்லலையே. அந்தக் காலையிலயே ஆச்சு. மத்தவுக எல்லாம் கைய உதறிக்கிட்டு நிக்கிறோம், அவர் மாடியில ரெண்டு வருசப் பழக்கத்துல எடது கையால சொம்பை எடுக்கணும்னு நினைச்சிருக்காரு. போனது வலது கை. எல்லாருக்கும் மாறுன மாதிரி அவருக்கும் மாறுச்சு. எடது கைக்குப் போற உயிரு வலதுக்குப் போச்சு, வலதுக்குப் போக மாட்டேன்ன உயிரு எடதுக்கும் போகல. ஆக, எடது தொங்கிருச்சு, வலது வந்துருச்சு. மெதுவாப் படி எறங்கி, என் வீட்டு அடுப்படிக்கு வந்தாரு. புளிக்கொழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு.

“உப்புப் போட்டாச்சா மதினி?”ன்னாரு.

“இல்ல.”

ஜாடிக்குள்ள கைய விட்டாரு. அள்ளுனாரு. மேல கொஞ்சம் சிந்த விட்டாரு. போட்டாரு. மணிக்கட்டுல நீல வளையம் நீராவியில மங்கித் தெரிஞ்சது. நான் ருசி பாக்கல. பாக்கணுமா என்ன. லோசனி பின்னாலேயே வந்து நெலையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, நீலத்தப் பாக்குறா, அப்பா மொகத்தப் பாக்குறா. மறுபடி நீலத்தப் பாத்து, தலையில அடிச்சுக்கிட்டா.

“ஆச்சி, நான் மாத்தி எழுதிட்டேன்.”

“எதை?”

“எடதை வலதுன்னும் வலதை எடதுன்னும். பொம்மைக்கு எதிர உக்காந்து எழுதுனேன்ல. அப்பாவுக்குக் காட்டுற பழக்கத்துலயே எழுதிட்டேன். சோதிச்சப்பவும் எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சது.”

அன்னைக்கு மத்தியானமே வெளிநாட்டுலருந்து ஒருத்தன் எழுதிட்டானாம், அருமையான கருவி, ஆனா பொம்மை எனக்கு எடது கையால வணக்கம் வைக்குதுன்னு. ஒரு வாரத்துல பதினோராயிரம் பேர் எடுத்துக்கிட்டாக, பாதிப் பேரு இதையே கேட்டாக. திருத்துறது பெருசில்லையாம், ஒரு வரிதானாம். அவ திருத்தி வச்சுட்டா. பொத்தானத்தான் அமுக்கல. அமுக்குனா சந்துக்கும் சரியாப் போகும். சந்துக்குச் சரியாப் போனா அப்பா கை போயிரும்.

“அவருக்கு மட்டும் மாத்தி வச்சுட்டு மத்தவுகளுக்குச் சரி பண்ணக் கூடாதா?”ன்னு நான் கேட்டேன்.

“ஒம்பது நாளா அதைத்தான் பாக்குறேன். முடியல ஆச்சி. இந்தக் கருவி நம்ம சந்தை இருபத்தியொரு வீடா பாக்கல. மொத்தத்தையும் சேத்து ஒரே ஒடம்பா எடுத்துக்கிட்டு எலும்பு மாட்டியிருக்கு. ஒருத்தரத் தனியாப் பிரிக்கப் போனா எல்லாருக்கும் உருவிரும்போல இருக்கு.”

“சரி பண்ணுனா வளையமாச்சும் இருக்குமா?”

“அதுவும் தெரியல.”

எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஆனா அவளுக்கும் வெளங்கலைங்கிறது வெளங்குச்சு. எடையில சீனியம்மா மாடியேறி வந்துட்டா, முட்டிய அமுக்கிக்கிட்டே.

“ஏண்டி லோசனி, உங்கிட்ட மருந்து இருக்காம்ல? வச்சுக்கிட்டே இருக்கியாம்ல?”

“அத்தை, அப்பா கை...”

“எனக்குத் தெரியாதா உங்கப்பன் கை? என் கல்யாணத்துக்கு உங்க தாத்தா சமைச்சாரு, என் மகன் கல்யாணத்துக்கு உங்கப்பன் சமைக்கணும்னு நானும் ஆசைப்படாத ஆளா? ஆனா வாற மருமக எடது காலை வச்சு உள்ள வந்தா நான் சாகுற வரைக்கும் அந்தக் காலைத்தாண்டி பாத்துக்கிட்டே இருப்பேன்.”

லோசனி பொத்தான அமுக்கல. சீனியம்மா எறங்கிப் போயி, சாத்தூருக்கு ஃபோனைப் போட்டுட்டா. “சுபாஷினி, அத்தை பேசுறேன்த்தா. எங்க சந்துல ஒரு சங்கதி இருக்கு. வாசப்படிகிட்ட வந்ததும் எடது காலை வைக்கப்போறேன்னு மனசுல நினைச்சுக்க. அப்ப வலது கால் வரும். ஏன்னு கேக்காத, எனக்கே தெரியாது.” பொண்ணு நல்ல பொண்ணு. ஏன்னு கேக்கல. எடது கால் எடது கால்னு மூணு நாளா நினைச்சுப் பழகியிருக்கா.

கல்யாணத்தன்னைக்குச் சந்துல பந்தல். கெணத்துச் சுவரோரம் கோட்டை அடுப்பு வெட்டி அண்டா ஏத்தியாச்சு. எறநூத்தம்பது பேருக்கு எலை. திரவியம் தலையில துண்டு கட்டிக்கிட்டு, எடது கைய இடுப்பு வேட்டியில சொருகிக்கிட்டு நிக்கிறாரு, ரெண்டு வருசத்துல நான் பாக்காத மொகம். “நெருப்பக் கொறைடா.” “அவரைக்காயப் போடு.” “யாருடா பெருங்காயத்தக் கூழாங்கல்லு மாதிரி போட்டது, பல்லு ஒடைக்கவா?” அவியலுக்கு உப்புப் போட்டாரு. கூட்டுக்குப் போட்டாரு. சாம்பாருக்கு ரெண்டு அள்ளு போட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் நாங்க பொம்பளைக வரிசையா நின்னு வேடிக்கை பாத்தோம், கோயில்ல அபிசேகம் பாக்குற மாதிரி.

பதினோரு மணி இருக்கும். ஆசுபத்திரியிலருந்து மணவாளனக் கூட்டிக்கிட்டு வந்தாக. அவர் வீடும் எங்க சந்துதான், ஏழாம் வீடு. நடக்கக் குடுத்த நாலு காலு கம்பியப் புடிச்சுக்கிட்டு ஆட்டோவுலருந்து எறங்குனாரு. அடிபம்பு வரைக்கும் நல்லாத்தான் வந்தாரு. ஒரு கம்பி, ஒரு காலு, ஒரு கம்பி, ஒரு காலு. பம்பத் தாண்டி ஒரு எட்டு வச்சாரு, வளையம் வந்துச்சு, நல்ல காலு வரும்னு நினைச்சு ஊனுறாரு, அடிபட்ட பக்கம் ஊனுது. கம்பி ஒரு பக்கம் போச்சு, அவர் ஒரு பக்கம் போனாரு. மூணு பேர் பாஞ்சு புடிச்சோம். அந்த மனுசன் மொகம் சுண்ணாம்பா வெளுத்துருச்சு. “எனக்கு நடக்கத் தெரியுமே, இப்பத்தான நடந்தேன், எனக்கு நடக்கத் தெரியுமே”ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு.

திரவியம் ரசத்துக்கு உப்பு அள்ளியிருந்தாரு. கை ஜாடிக்கும் அண்டாவுக்கும் நடுவுல நிக்குது. மணவாளனப் பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு. அவருந்தான நடை பழகுனவரு, சுவத்தப் புடிச்சு, மகளப் புடிச்சு.

“லோசனி”ன்னாரு. “அமுக்கிருத்தா.”

“அப்பா, ரசம் ஆகட்டும்ப்பா. உப்பையாச்சும் போட்டுருங்க.”

“இந்த உப்பப் போட்டா அடுத்து பாயாசத்துக்கு ஒரு சிட்டிகைன்னு தோணும். அப்புறம் நாளைக்குன்னு தோணும். நீ இப்பவே அமுக்கு.”

அவ மடியில கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டுப் பந்தக்கால்ல சாஞ்சு உக்காந்திருக்கா. அப்பாவுக்கு எதிர, தெனம் உக்கார்ற மாதிரியே. ஒரு பொட்டு நேரம் அவ கை ரெண்டும் மேல வந்துச்சு, எடது வலதுன்னு சொல்லப்போற மாதிரி. அப்புறம் அமுக்கிட்டா.

சந்து பூராவும் ஒரே இமைப்புல நீலம் சிவப்பாச்சு, சிவப்பு நீலமாச்சு. வளையம் போகல. நெறந்தான் மாறுச்சு. எலை போட்டுக்கிட்டு இருந்தவுக கை சடார்னு மாறி ரெண்டு எலை கீழ விழுந்துச்சு. மணவாளன் ஒரு எட்டு வச்சாரு, இன்னொரு எட்டு வச்சாரு, வீட்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டாரு. திரவியத்தோட வலது கை, அள்ளுன உப்போட, அப்படியே தொங்கிருச்சு. விரலு மூடியிருக்கு, பிரியல. மூடுன கைக்குள்ள ரசத்துக்கு வேணும்கிற உப்பு இருக்கு. அண்டாவுல ரசம் பொங்கி வருது. எடது கைய வேட்டியிலருந்து உருவி, வலது கையத் தூக்கித் துண்டால மூடிக்கிட்டாரு.

அதே நேரம் பம்புகிட்ட காரு வந்து நின்னுருச்சு, மேளச் சத்தம், பொண்ணும் மாப்பிள்ளையும் எறங்கியாச்சு. ஆரத்தி சுத்துனாக. சீனியம்மா வாசல்ல நிக்கிறா, மொகத்துல அம்புட்டு நிம்மதி, எல்லாம் சரியாப் போச்சுல்ல. பொண்ணு படிகிட்ட வந்தா, கண்ண மூடுனா, உதடு அசையிது. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. ஆத்தி, வளையம் மாறுனத இந்தப் பிள்ளைகிட்ட யாரு சொன்னது? ஒருத்தருஞ் சொல்லல. “ஏத்தா சுபாஷினி!”ன்னு நான் கத்துறேன், மேளத்துல எவளுக்குக் கேக்கும். மூணு நாளா பழகுனவ, பதறாம, அழகா, எடது காலை எடுத்து உள்ள வச்சா.

மேளம் நின்னுருச்சு. பொண்ணு கண்ணத் தொறந்து எல்லாரையும் பாத்து, “சரியா வச்சேனா அத்தை?”ன்னா.

சீனியம்மா அந்தக் காலைப் பாத்தா. நீல வளையம் மாட்டுன சின்னக் காலு, மருதாணி வச்சது. நான் உசுரப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இவ இப்ப என்னத்தச் சொல்லப்போறாளோன்னு. எனக்கு எங்க ஓரகத்தி நினைப்பு வந்துச்சு, அவ எடது காலை வச்சு வந்துட்டான்னு மூணு வருசம் பேசுனாக, அவ பெத்ததுதான் எங்க குடும்பத்துலயே... அது கெடக்கட்டும், இப்ப சொன்னா சாமத்துக்கு இழுக்கும்.

“நான் சொன்ன மாதிரியே வச்ச தாயி”ன்னா சீனியம்மா. “உள்ள போ, வெளக்கப் பொருத்து.”

சொல்லிட்டு அவ உள்ள போகல. பட்டுச் சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு, முட்டிய அமுக்கிக்கிட்டு, பந்தலுக்குள்ள நடந்து அடுப்புகிட்ட போனா. நாங்க பின்னாலயே போறோம். திரவியத்துக்கு முன்னால போயி நின்னா. அவர் துண்டு மூடுன கையோட தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

“எதுக்கு அண்ணே அமுக்கச் சொன்ன? எனக்காகவா?”

“உனக்காக இல்லம்மா. மணவாளனுக்காக.”

“அப்பச் சரி. எனக்காகன்னா நான் தாங்க மாட்டேன்.” துண்டைப் பாத்தா. தொண்டையச் செருமுனா. இருபத்தியொரு வீட்டுல ஒரு வீட்டுக்காரிகிட்டயும் கேக்காத கேள்விய அவ வாயி கேட்டுச்சு. “அண்ணே. இழுக்கட்டுமா?”

திரவியம் நிமிந்து பாத்தாரு. ரசம் அண்டா விளிம்புக்கு வந்துருச்சு.

“ம்”னாரு.

துண்ட விலக்குனா. மணிக்கட்டுச் சிவப்பு வளையத்தப் புடிச்சு மெதுவா மேல தூக்குனா, இப்பத்தான் தொங்கிப்போன கை அவ பின்னால கன்னுக்குட்டி மாதிரி போச்சு, அண்டாவுக்கு மேல போயி நின்னுச்சு. “சுண்டு விரல மொதல்ல”ன்னாரு திரவியம், “கொஞ்சம் சிந்தணும்.” சுண்டு விரல் வளையத்த இழுத்தா, கொஞ்சம் சிந்துச்சு. “இப்ப மத்ததெல்லாம்.” அவ ஒத்தை ஆளு, விரல் நாலு. லோசனி ஓடியாந்து மோதிர விரலப் புடிச்சா, நான் நடு விரலப் புடிச்சேன், சீனியம்மா ஆள்காட்டியையும் கட்டை விரலையும். ஒண்ணாத் தொறந்தோம். உப்பு விழுந்துச்சு. ரசம் அடங்குச்சு.

“திரும்ப மாத்திருடி, அந்தப் பழைய மாதிரியே ஆக்கிரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்”னு சீனியம்மா சொன்னா. லோசனி கண்ணத் தொடைச்சுக்கிட்டே, “குடுத்தது போயிருச்சு அத்தை. திருத்துனது பதினோராயிரம் பேருகிட்ட போயிருச்சு, அதை மறுபடி கெடுக்க முடியாது”ன்னா. திரவியம் அதக் காதுல வாங்கவே இல்ல. “பாயாசத்துக்கு ஒரு சிட்டிகை இருக்கு, யாரு வாறீக?”ன்னு கேட்டாரு. அதுக்கு மணவாளன் கம்பிய ஊனிக்கிட்டு வந்தாரு.

இப்ப அவர் மறுபடி சமையலுக்கு எடுக்குறாரு, சந்துக்குள்ள நடக்குற விசேசத்துக்கு மட்டும். அடிபம்பத் தாண்டி அவர் கை போகாது. அதனால மண்டபத்துல வைக்க வேண்டிய கல்யாணத்தை எல்லாம் எங்க சந்துல கொண்டாந்து வைக்கிறாக, நடக்க எடமில்ல, எனக்குக் காப்பி போட எடமில்ல. வளையத்தப் புடிக்க வீட்டு வரிசைப்படி ஒரு நாளைக்கு ஒரு வீடு. சுபாஷினி மொற வந்தா அவ எடது கையாலதான் இழுக்குறா, பொறந்ததுலருந்தே எடது கைக்காரியாம் அந்தப் பிள்ளை. இதையும் கல்யாணத்துக்கு முன்னால ஒருத்தருங் கேக்கல.

போன வெள்ளி என் மொற. கூட்டாஞ்சோறு. அவர் “ம்”னாரு, நான் இழுத்தேன், உப்பு விழுந்துச்சு. சாப்புட்டவுக எலைய நக்காத கொறை, “யாரு கைப்பக்குவம்?”னு கேட்டாக. நான் அவரப் பாத்தேன், அவர் என்னையப் பாத்தாரு. போட்டது அவரா நானான்னு எனக்கு இன்னமும் புடிபடல. நீங்க ஒரு நாளைக்குச் சந்துப் பக்கம் வந்தா சாப்புட்டுப் பாருங்க; உப்பு சரியா இருந்தா திரவியத்தச் சொல்லுங்க, கூடிப்போயிருந்தா அன்னைக்கு யாரு வீட்டு மொறன்னு கேளுங்க.